‘மனிதன் எதிர் அரசு’: ஹேபேட் ஸ்பென்சரின் சுதந்திரக் கோட்பாடு பற்றி ஒரு நோக்கு

ஹேபேட் ஸ்பென்சர் என்னும் ஆங்கில அறிஞரின் பெயர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே இந்தியாவில் ஆங்கிலங் கற்றோர் பலர் நாவிலும் வழங்கியதொன்று. இன்று அவரைத் ‘தக்கன பிழைத்தல்’ என்னும் தொடரை ஆக்கியவர் என்ற அளவிலேயே மாணவர் அறிவர். அத்தொடரையும் டார்வினுக்கே உரியதாக்கி விடுவோர் பலர். அவர் எழுதிய பெருநூல்கள் நூல்நிலையங்களிலே தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் படித்தல் வேண்டுமென்று நாமும் எவரையும் வற்புறுத்த மாட்டோம். ஆயினும், 1884 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘மனிதன் எதிர் அரசு’ என்னும் சிறு நூலின் நிலை வேறு. அரசாங்கம் தனிமனிதனுடைய வாழ்விலே எவ்வளவு தூரம் தலையிடலாம் என்ற வினா எழுமிடமெல்லாம் இந்நூலின் வாதங்கள், பல வேளைகளில் ஆசிரியர் பெயர் தெரியாமலே, எடுத்தாளப்படுகின்றன. அரசின் கை எவ்வளவு குறுகுமோ அவ்வளவுக்கு மனிதனின் சுதந்திரம் வளரும் என்போரை இக்காலத்திற் சுதந்திரவாதிகள் என்பர். அவர்களுடைய முன்னோருள் ஸ்பென்சர் தலையாயவர். அந்நூலை முழுமையாக ஆராய்தல் எமது நோக்கமன்று. அதன் முதற் கட்டுரையிலுள்ள ஒரு பட்டியலை மட்டும் ஊன்றி நோக்கி, அப்பட்டியல் அவருடைய கோட்பாட்டின் வலிமையையும் வழுவையும் ஒருங்கே காட்டுவதை எடுத்துரைக்க முயல்வோம்.

ஆசிரியர் வரலாறு சிறிது வேண்டும். ஸ்பென்சர் 1820 இல் டார்பி நகரிலே ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். அரச திருச்சபையோடு இணங்காத கிறித்தவர் குடும்பம் அது. அவர் பல்கலைக்கழகத்திற் பயின்றவரல்லர். இளமையிற் புகையிரதப் பாதை அமைக்கும் பொறியியலாளராயிருந்தார். பின்னர் 1848 முதல் 1853 வரை ‘எக்கொனொமிஸ்ற்’ பத்திரிகையின் துணையாசிரியராய்ப் பணியாற்றினார். பட்டமோ அரச உத்தியோகமோ பெறாது தம் எழுத்தையே நம்பி வாழ்ந்த ஒருவர், அரசு தரும் எதனையும் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. 1851 இல் வெளிவந்த ‘சமூக நிலையியல்’ என்னும் முதல் நூலிலேயே அவரது கோட்பாடு முழுவடிவம் பெற்றுவிட்டது. பிறருடைய சமமான சுதந்திரத்துக்கு ஊறு செய்யாத வரையில் ஒவ்வொருவனும் தான் விரும்பியதைச் செய்யலாம் என்பதே அதன் சாரம். இவ்விதியைக் காப்பதே அரசின் வேலை. அதற்கு மேற்பட்டன யாவும் வரம்பு கடந்தன என்பார்.

‘மனிதன் எதிர் அரசு’ நான்கு கட்டுரைகளைக் கொண்டது. முதலாவது ‘புதிய ரோறியம்’ என்பது. முற்காலத்திலே தாராண்மைக் கட்சியினர் மக்கள்மீது கிடந்த தளைகளை அவிழ்த்தனர். அதனால் மக்களுக்கு நன்மை விளைந்தது. இப்பொழுதோ அவர்கள் நன்மையையே நேராகத் தேடி, புதிய தளைகளைப் பூட்டுகின்றனர்; ஆகவே தாராண்மையினர் என்ற பெயரை வைத்துக்கொண்டே அவர்கள் ரோறிகளாகிவிட்டனர் என்று அது வாதிக்கும். இரண்டாவது கட்டுரை ‘வரவிருக்கும் அடிமைத்தனம்’. ஒருவன் தன் உழைப்பின் பயனைப் பிறர் விருப்பத்துக்காகக் கட்டாயத்தின் பேரிற் கொடுப்பானாயின் அவன் அவ்வளவுக்கு அடிமையே. எசமானன் ஒருவனாயினும் ஒரு சமுதாயமாயினும் வேறுபாடில்லை என்று அது கூறும். மூன்றாவது, சட்டமியற்றுவோர் அறியாமையாற் செய்யும் பாவங்களைப் பற்றியது. நான்காவது ‘மாபெரும் அரசியல் மூடநம்பிக்கை’. நடை தெளிவானது, சினமும் எள்ளலும் ஆங்காங்கே கலந்தது. வாதத்தை ஒழுங்காக அடுக்கிச் செல்லும் முறையிலே கட்டட வேலை தெரிந்த ஒருவரின் கையைக் காணலாம்.

இனிப் பட்டியலுக்கு வருவோம். தாராண்மையினர் வழிமாறிவிட்டனர் என்பதை நிறுவ, 1860 முதல் இயற்றப்பட்ட சட்டங்களை ஆண்டுவாரியாக ஸ்பென்சர் வரிசைப்படுத்துகின்றார். பாண் சுடும் கூடங்களை ஆறு மாதத்துக்கொருமுறை சவர்க்காரமும் வெந்நீருங் கொண்டு கழுவுக என்னும் விதி அங்கே வரும். அம்மைப்பால் குத்துதலைக் கட்டாயமாக்கும் விதி வரும். எரிவாயுவைப் பரிசோதிக்கும் விதி வரும். படிக்கும்போது சிரிப்பு உண்டாகும். அவ்வாறு உண்டாதல் வேண்டும் என்பதே ஆசிரியர் கருத்தும் ஆம். 1864 ஆம் ஆண்டுக்குரிய பகுதியைப் பார்க்குமிடத்து, ஒரே மூச்சில் இவை சொல்லப்படுகின்றன: தீக்குச்சித் தொழிற்சாலையில் வேலை செய்வோர் சிலர் குறித்த இடமல்லாத பிற இடங்களில் இருந்து உணவு உண்ணலாகாது என்ற விதி, புகைக்கூண்டு துடைப்போர் பற்றிய சட்டம், நங்கூரங்களையும் அவற்றின் சங்கிலிகளையும் கட்டாயமாகச் சோதிக்கும் சட்டம், இறுதியாகத் தொற்றுநோய்ச் சட்டம். இந்நான்கும் ஸ்பென்சருக்கு ஒரே மரத்தின் காய்கள். மனிதனின் சுதந்திரத்தைக் குறைக்கும் தளைகளின் எண்ணிக்கையில் இன்னும் நான்கு கூடின என்பதே அவர் கொள்ளும் பொருள். விமரிசகனின் வேலை இங்கேதான் தொடங்குகின்றது.

தீக்குச்சித் தொழிலை முதலில் எடுத்துக்கொள்வோம். அக்காலத்துத் தீக்குச்சிகள் வெண்பொசுபரசினாற் செய்யப்பட்டன. அதன் ஆவியையும் துகளையும் நெடுநாள் உட்கொண்ட தொழிலாளருக்குத் தாடையெலும்பு அழுகி விழும் கொடிய நோய் வந்தது. நச்சுப் படிந்த கையோடு வேலைமேசையிலிருந்து உண்பது அந்நோய்க்கு வழிவகுக்கும் என்பதாலேயே அவ்விதி எழுந்தது. சிறுமியரும் இளம்பெண்களும் மிகுதியாக உழைத்த தொழில் அது. பிரித்தானியாவில் வெண்பொசுபரசுத் தீக்குச்சிகளைத் தடைசெய்யும் சட்டம் 1908 இலேதான் வந்தது. புகைக்கூண்டுச் சட்டம் யாரைப் பற்றியது? ஆறேழு வயதுச் சிறுவரை ஒடுங்கிய புகைக்கூண்டுகளினுள் ஏற்றித் துடைக்கும் வழக்கத்தைத் தடுக்க எழுந்தது அது. மேலே சிக்கி மூச்சடைத்து இறந்த பிள்ளைகள் பலர். நங்கூரச் சட்டமோ மாலுமிகளின் உயிர்பற்றியது. கப்பலேறும் மாலுமி சங்கிலியின் இரும்பைத் தட்டிப் பார்த்து, இது தாங்கும், இது தாங்காது என்று தெரிந்து கொள்ள மாட்டான்; அது புயலிலேதான் தெரியும்.

இம்மூன்றிலும் தடுக்கப்பட்டவர் யார், காக்கப்பட்டவர் யார் என்பதை ஸ்பென்சர் வினவுவதில்லை. சட்டம் ஒன்று கூடிற்று. ஆகவே சுதந்திரம் ஒன்று குறைந்தது என்பது அவர் கணக்கு. ஆறு வயதுச் சிறுவன் எவரோடும் ஒப்பந்தஞ் செய்துகொண்டு புகைக்கூண்டில் ஏறவில்லை. அவனைப் பெற்றோர் விற்றனர் அல்லது தொழிலெசமானிடம் ஒப்படைத்தனர். இதனை ஸ்பென்சர் அறியாதவரல்லர். ‘சமூக நிலையியலில்’ பிள்ளைகளுடைய உரிமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் அவர். அவ்வதிகாரத்தை எழுதிய கை, முப்பத்துமூன்று ஆண்டுகளின் பின் புகைக்கூண்டுச் சட்டத்தைத் தளைகளின் பட்டியலிற் சேர்த்ததே எமக்கு வியப்பாயுள்ளது.

அவர் சார்பிற் சொல்லத்தக்க ஒன்றும் உண்டு. 1834 இலும் 1840 இலும் இதே பொருள்பற்றிச் சட்டங்கள் வந்திருந்தன. அவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. 1864 ஆம் ஆண்டுச் சட்டமும் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. துடைப்போர் யாவரும் பொலிசாரிடம் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும் என 1875 இல் விதித்த பின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது. சட்டம் இயற்றியவுடன் தீமை நீங்கிவிட்டதென்று நினைப்பது பேதைமை என்று ஸ்பென்சர் ஓயாது சொல்வார். அது மெய்யே. ஆனால், இவ்விடயத்திலே தோற்ற சட்டங்களுக்கு மருந்தாயமைந்தது இன்னும் இறுக்கமான ஒரு சட்டமே என்பதும் மெய்.

இனி நான்காவதாகிய தொற்றுநோய்ச் சட்டம். பெயரைக் கேட்டு இதனை ஒரு சுகாதாரச் சட்டமென எண்ணிவிடலாகாது. படைவீரரும் கடற்படையினரும் தங்கிய நகரங்களிலே பால்வினை நோய் பரவுவதைத் தடுப்பதற்கென 1864 இல் இயற்றப்பட்டு 1866 இலும் 1869 இலும் விரிவாக்கப்பட்ட சட்டம் இது. ஒரு பெண்ணைப் பரத்தையென நம்ப நல்ல காரணம் உண்டென்று பொலிசு அதிகாரி ஒருவர் சத்தியஞ் செய்தாற் போதும். நீதவான் அவளை வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்தக் கட்டளையிடலாம். யூரர் விசாரணை இல்லை. மறுத்தாற் சிறை. நோயுண்டெனின் மாதக்கணக்கில் மருத்துவமனையில் அடைப்பு. ஆண்களுக்கு எந்தப் பரிசோதனையும் விதிக்கப்படவில்லை. ஜோசபின் பட்லர் அம்மையார் 1869 முதல் இச்சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் சென்று பேசினார். யோன் ஸ்ருவாட் மில் 1871 இல் அரச விசாரணைக்குழுவின் முன் தோன்றி, ஐயத்தின் பேரில் ஒருவரது உடற்சுதந்திரத்தைப் பறிப்பது நீதியன்று என்று சாட்சியமளித்தார். 1886 இலே அச்சட்டம் நீக்கப்பட்டது.

இச்சட்டம் முன்சொன்ன நங்கூரச் சட்டத்தோடு ஒரே வரிசையில் நிற்கத்தக்கதா? ஸ்பென்சரும் வேறுபாட்டை உணர்ந்திருத்தல் வேண்டும். தொற்றுநோய்ச் சட்டம் குறிப்பிட்ட வகைப் பெண்கள் விடயத்தில் முன்னோர் நிறுவிய தனியாள் சுதந்திரப் பாதுகாப்புகளை ஒழித்துவிட்டது என்று ஒரு சிறு தொடரை அவ்விடத்திலே கூட்டுகின்றார். கூட்டியபின், அங்கு நில்லாது அடுத்த ஆண்டின் சட்டங்களுக்குப் போய்விடுகின்றார். அந்தத் தொடரில் அவர் சற்றே நின்றிருப்பாராயின் நூல் வேறு நூலாயிருக்கும் என்பது எம் துணிபு. ஒரு சட்டம், தன்னாற் காத்துக்கொள்ள முடியாதவனைப் பிறர் கையிலிருந்து காப்பது. மற்றொரு சட்டம், தன்னாற் காத்துக்கொள்ள முடியாதவளை அரசின் கையிலே ஒப்படைப்பது. இரண்டும் அரசின் செயலே. எனினும் ஒன்றிலே சுதந்திரம் கூடுகின்றது, மற்றதிலே அழிகின்றது. சட்டங்களை எண்ணிக் கணக்கிடுவோருக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

‘பிள்ளைகளையும் பெண்களையும் விடுங்கள்; முதிர்ந்த, அறிவுள்ள ஒருவன் தன் நன்மையைத் தானே தேர்வான் அல்லவா?’ என்று சுதந்திரவாதி கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இதற்கு விடை காண இலண்டன் நகரின் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்தல் வேண்டும். ஸ்பென்சர் அந்நகரிலே எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே, அவர் கோட்பாட்டுக்கு ஒரு பரீட்சை அங்கு நடந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டனுக்கு நீர் வழங்கியவை தனியார் கம்பனிகள். நகரின் தென்பகுதியிலே லம்பெத் கம்பனியும் சதக்–வொக்சோல் கம்பனியும் ஒரே தெருக்களில் குழாய் பதித்திருந்தன. முன்னர் போட்டியிட்டு வாடிக்கையாளரைச் சேர்த்த காலத்தில் வீட்டுக்காரர் எந்தக் கம்பனியைத் தேர்ந்தனரோ அதன் நீரே அவ்வீட்டுக்கு வந்தது. 1849 இல் வாந்திபேதி பரவியபோது இரு கம்பனிகளும் தேம்ஸ் நதியின் அழுக்கு நீரையே எடுத்தன. 1852 இல் லம்பெத் கம்பனி தன் நீரெடுக்கும் இடத்தை நகரக் கழிவு எட்டாத மேல்நீரிலே, தேம்ஸ் டிற்றனுக்கு மாற்றிக்கொண்டது. மற்றக் கம்பனி பற்றர்சீயிலேயே எடுத்துக்கொண்டிருந்தது. 1854 இல் நோய் மீண்டும் வந்தது. யோன் ஸ்னோ என்னும் வைத்தியர் வீடுவீடாகச் சென்று, இறந்தோர் எந்தக் கம்பனியின் நீரைக் குடித்தனர் என ஆராய்ந்தார். முதல் ஏழு வாரங்களிலே பத்தாயிரம் வீடுகளுக்கு இத்தனை மரணம் என அவர் கணித்தது: சதக்–வொக்சோல் நீர் பெற்ற வீடுகளில் 315, லம்பெத் நீர் பெற்ற வீடுகளில் 37, இலண்டனின் ஏனைய பகுதிகளில் 59. அதே தெரு, அதே காற்று, அதே தொழில், அதே வறுமை; வேறுபட்டது குழாய் ஒன்றே.

ஆராய்ச்சியிலே ஸ்னோவுக்கு நேர்ந்த இடர் ஒன்று எம் பொருளுக்கு இன்றியமையாதது. தாம் குடிப்பது எந்தக் கம்பனியின் நீர் என்று பல வீட்டாருக்குத் தெரியவில்லை. வாடகை வீட்டில் இருந்தோருக்கு நீர்வரியை வீட்டுச் சொந்தக்காரரே செலுத்தியதால் அதனை அறியும் தேவையும் இருக்கவில்லை. ஈற்றில் ஸ்னோ, நீரைப் போத்தலில் எடுத்துச் சென்று வெள்ளி நைத்திரேற்றுக் கொண்டு சோதித்தார். பற்றர்சீ நீரில் உப்பு ஏறத்தாழ நாற்பது மடங்கு மிகுதி. ஆதலால் வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது. தன் குவளையில் இருப்பது எது என்று அறிய இரசாயனப் பரிசோதனை வேண்டியிருக்கும் ஒருவனைப் பார்த்து, ‘நீ சுதந்திரமாகத் தேர்ந்தாய்’ என்று சொல்லுதல் எங்ஙனம்? தேர்வு நிகழ்ந்தது மெய். நிகழ்த்தியவன் பல ஆண்டுகளுக்கு முந்திய வீட்டுச் சொந்தக்காரன். உயிர் கொடுத்தவன் குடியிருந்தவன்.

ஆயினும் இவ்வரலாற்றை அரசின் புகழ்மாலையாகத் தொடுப்பது நேர்மையன்று. லம்பெத் கம்பனி தானே முன்வந்து இடம் மாறியது. எல்லாக் கம்பனிகளையும் மேல்நீர் எடுக்குமாறு கட்டாயப்படுத்திய 1852 ஆம் ஆண்டுச் சட்டம் 1855 வரை தவணை கொடுத்திருந்தது. அதனினும் கொடியது முன்னர் நடந்தது. நோய் துர்நாற்றத்தாற் பரவுகின்றது என்பதே எட்வின் சட்விக் முதலிய சுகாதார அதிகாரிகள் கொண்டிருந்த உறுதியான நம்பிக்கை. அந்நம்பிக்கையால் 1848 இலும் 1849 இலும் வீடுகளின் மலக்குழிகளிலும் கால்வாய்களிலும் இருந்தவற்றைத் தேம்ஸ் நதியிலே அடித்துச் செல்லவிட்டனர். அந்நதியே குடிநீர் ஊற்று! நல்லெண்ணமும் அதிகாரமும் நிறைந்த ஓர் அதிகாரசபை நோயைக் குழாய்வழியே வீடுகளுக்கு அனுப்பியது. அந்த 1848–49 ஆம் ஆண்டுகளில் இலண்டனில் இந்நோயால் இறந்தவர் ஏறத்தாழ 14,000 பேர். ஸ்னோ தாமும் 1855 இல் பாராளுமன்றக் குழுவொன்றின் முன் தோன்றி, துர்நாற்றத் தொழில்களை ஒடுக்க முனைந்த மசோதாவுக்கு எதிராகச் சாட்சியம் சொன்னார். நாற்றம் வேறு, நோய் வேறு என்பது அவர் கண்ட உண்மை. சட்டமியற்றுவோர் தாம் அறியாததை அறிந்ததாக எண்ணிச் செய்யும் பாவங்களுக்கு ஸ்பென்சர் தேடிய எடுத்துக்காட்டுகளில் இதனைவிடச் சிறந்தது கிடைப்பதரிது.

அப்படியாயின் ஸ்பென்சர் கூறும் மாற்றுவழி யாது? நீதிமன்றம். பிறர் சுவாசிக்கும் காற்றை மாசுபடுத்துபவன் அவர்களுடைய உரிமையை மீறுகின்றான். அவனைத் தடுப்பது அரசின் முறையான கடமை என்று ‘சமூக நிலையியலில்’ சுகாதார மேற்பார்வை பற்றிய அதிகாரத்திலே அவர் ஒப்புக்கொள்கின்றார். காற்றுக்குப் பொருந்துவது தண்ணீருக்கும் பொருந்தாதா? பொருந்துமாயின், கழிவுநீரைக் குடிநீராக விற்ற கம்பனியைக் கட்டுப்படுத்துதல் வரம்பு கடந்த தலையீடன்று. அவருடைய சொந்த விதியின்படியே அரசின் கடன். திறவுகோல் அவர் கையிலேயே இருந்தது. அவர் அதனை அந்தக் கதவில் இட்டுப் பார்க்கவில்லை. வழக்குத் தொடுப்பதற்கும் சான்று வேண்டும் என்பது மற்றொன்று. இறந்தவன் இந்த நீராலேயே இறந்தான் என்று நிறுவ ஸ்னோவுக்கு உதவியவை பதிவாளர் அலுவலகத்தின் மரணப் பதிவுகளும் அங்கு பணியாற்றிய வில்லியம் பாரின் புள்ளிவிபரங்களும் அல்லவா? அப்பதிவு 1837 இல் அரசு ஏற்படுத்தியது. கம்பனிமேல் வழக்காடும் உரிமையைக்கூட அரசின் ஓர் ஏடு இல்லாமல் ஒருவன் பயன்படுத்தியிருக்க இயலாது.

சட்டம் இருந்தும் 1866 இலே கிழக்கு இலண்டனில் ஒரு கம்பனி வடிகட்டாத நீரைத் திறந்துவிட்டதால் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னும் பல ஆண்டு கழித்து, 1904 இலேதான் எட்டுக் கம்பனிகளும் ஒரு பொதுச் சபையின் கீழ் வந்தன. 1989 இல் இங்கிலாந்து நீர் வழங்கலை மீண்டும் தனியாருக்கு விற்றபோது, விலையையும் தரத்தையும் கண்காணிக்கும் அரச அமைப்புகளையும் கூடவே வைத்துக்கொண்டது. குழாயை யார் வைத்திருப்பது என்ற வினாவிற் சுதந்திரவாதி வென்றான் எனலாம். குழாயை யார் சோதிப்பது என்ற வினாவில் அவன் வெல்லவில்லை.

இவ்வளவு குறை கண்ட நாம் நூலின் நிறைவைச் சொல்லாதொழிதல் தகாது. வீடமைப்புப் பற்றி மூன்றாங் கட்டுரையில் வருவன இன்றும் அதிகாரிகள் படிக்கத்தக்கவை. 1875 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலண்டனிலே சேரிகள் இடிக்கப்பட்டன. இடித்தவிடத்தில் எழுந்த நல்ல வீடுகளுக்கு, இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்தவர்களால் வாடகை கொடுக்க முடியவில்லை. அவர்கள் அயற்சேரிகளிலே மேலும் நெருங்கி அடைந்தனர். ஏழையின் நன்மையை நோக்கிய சட்டம் ஏழையை வீடற்றவனாக்கியது. இவ்வாறான பக்கங்களில் ஸ்பென்சர் கற்பனையான அடிமைத்தனத்தைப் பற்றிப் பேசவில்லை, நடந்ததைப் பேசுகின்றார். சுதந்திரவாதத்தின் உண்மையான செல்வம், எமது கருத்திலே, இத்தகைய பக்கங்களே. ‘இதனாற் பயன் பெறுவோன் யார்? செலவைச் சுமப்போன் யார்? சுமப்பவனை ஒருவரேனும் கேட்டனரா?’ என்னும் கேள்விகளை விடாது கேட்பது அது.

அவருக்குப் பின் வந்தோருள் ஒருவரை மட்டும் இங்குக் குறிப்போம். 1944 இல் ‘அடிமைத்தனத்துக்கு வழி’ என்னும் நூலை எழுதிய பிரெடரிக் ஹயக் ஸ்பென்சரின் எச்சரிக்கையைப் புதுப்பித்தவர் எனக் கூறுவர். ஆனால் அந்நூலைப் படித்தோர் ஒரு வேறுபாட்டைக் காண்பர். நச்சுப்பொருளைத் தடைசெய்தல், வேலைநேரத்தை வரையறுத்தல், சுகாதார ஏற்பாடுகளை விதித்தல் ஆகியவை எல்லாருக்கும் ஒரு தன்மையாக அமையின் சுதந்திரத்துக்கு முரணல்ல என்று ஹயக் ஒப்புகின்றார். எதிலும் தலையிடாக் கொள்கையை மரபுப் பிடிவாதமாகப் பற்றியோர் தாராண்மைக்கே கேடு செய்தனர் என்றுங் கூறுகின்றார். ஸ்பென்சரின் பட்டியலில் பாதியை அவருடைய வழித்தோன்றலே அடித்துவிட்டார் எனலாம். அந்நூலைப் பாராட்டி ஹயக்குக்குக் கடிதம் எழுதிய கெயின்ஸ், ‘எல்லையை ஓரிடத்திற் கீறவேண்டும் என ஒத்துக்கொள்கிறீர், எவ்விடத்தில் என்று சொல்லவில்லையே’ என்ற கருத்துப்படக் கேட்டார். ஸ்பென்சர் எல்லையைத் துணிந்து கீறினார். பிழையான இடத்திற் கீறினார். ஹயக் கீறாமல் விட்டார்.

எல்லை கீறுவதிலே ஸ்பென்சர் தாமும் என்றும் ஒருநிலையில் நின்றவரல்லர். நிலம் மனிதர் யாவருக்கும் பொது. அதில் தனியுடைமை சமசுதந்திர விதிக்கு ஒவ்வாது என்று 1851 இல் எழுதினார். 1892 இல் ‘சமூக நிலையியலைச்’ சுருக்கி ‘மனிதன் எதிர் அரசு’ நூலோடு சேர்த்து வெளியிட்டபோது அவ்வதிகாரம் காணாமற் போயிற்று. அரசைப் புறக்கணித்து ஒதுங்கும் உரிமை பற்றிய அதிகாரமும் அவ்வாறே மறைந்தது. அமெரிக்கரான ஹென்றி ஜோர்ஜ் அதே ஆண்டில் ஒரு முழுநூலே எழுதி அவரைக் கண்டித்தார். கருத்தை மாற்றிக்கொள்ளுதல் குற்றமன்று. ஆனால் தொழிலாளிக்குக் காவலான சட்டம் ஒவ்வொன்றையும் கூசாது எண்ணிய ஒருவர், நிலக்கிழானுக்கு ஒவ்வாத அதிகாரத்தை மட்டும் ஓசையின்றி எடுத்துவிட்டமை மனத்தை உறுத்துகின்றது.

நான்காம் கட்டுரையைக் கடைசிக்கு வைத்தோம். அரசருக்குத் தெய்விக உரிமை உண்டென்பது பழைய மூடநம்பிக்கை. பாராளுமன்றத்துக்குத் தெய்விக உரிமை உண்டென்பது புதிய மூடநம்பிக்கை. அரசரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்தது முற்காலத் தாராண்மையின் பணி. பாராளுமன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லை வகுப்பதே வருங்காலத் தாராண்மையின் பணி என்பது அதன் முடிபு. செங்கோலோடு நிற்கும் மன்னன் பொருள் கேட்பதை வேலோடு நிற்கும் கள்வன் கேட்பதற்கு ஒப்பிட்டவர் வள்ளுவர். அந்தக் கோல் பெரும்பான்மையோர் கைக்கு மாறினும் கோலின் தன்மை மாறாது என்பதே ஸ்பென்சர் அதன்மேற் சொல்லுவது. அந்நியராட்சியின் கீழிருந்தோர் இக்குரலை ஆவலோடு கேட்டதன் காரணமும் இதுவே. 1903 இல் ஸ்பென்சரின் ஈமச்சடங்கின்போது, அவர் பெயரால் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலே சொற்பொழிவுகள் நடத்த ஆயிரம் பவுண் தருவதாக அறிவித்தவர் சியாம்ஜி கிருஷ்ணவர்மா என்ற இந்தியர். பின்னர் அவர் நடத்திய ‘இந்தியச் சமூகவியலாளன்’ பத்திரிகை, ஆக்கிரமிப்பை எதிர்த்தல் கடமை என்னும் ஸ்பென்சர் கருத்தைத் தன் முகப்பிலே தாங்கி வந்தது. ஸ்பென்சரும் இங்கிலாந்தின் போயர் யுத்தத்தைக் கடுமையாக வெறுத்தவர்.

இலங்கை மாணவருக்கு இந்த நான்காம் கட்டுரையை விளக்க வெளிநாட்டு உதாரணம் வேண்டியதில்லை. சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு, ஓர் இனத்தவர்க்கோ மதத்தவர்க்கோ மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாதென எழுத்தில் எல்லை வகுத்திருந்தது. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பிரசைகளுக்கே உரியதாக்கப்பட்டது. மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழருட் பெரும்பாலோர் வாக்கிழந்தனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1953 இல் அந்நீதிமன்றம், பிரசாவுரிமையை வரையறுப்பது ஓர் அரசின் இயல்பான உரிமை. அச்சட்டம் 29 ஆம் பிரிவை மீறவில்லை எனத் தீர்ப்பளித்தது. 1972 ஆம் ஆண்டு யாப்பில் அப்பிரிவே இல்லை.

எல்லையைக் காப்பவர் யார் என்பதற்கு ஸ்பென்சரின் கட்டுரையில் விடை கிடையாது. மக்கள் யாவரும் ஒருமனப்பட்டு எவற்றுக்காகக் கூட்டுச்சேர இசைவரோ அவையே அரசின் எல்லை என்று ஓர் அளவுகோல் தருகின்றார். அதனைக் கையிற் பிடிப்பவரைக் காட்டவில்லை. அவருடைய பட்டியலிலே தொற்றுநோய்ச் சட்டத்தைக் கடந்து விரைந்து போன அதே விரைவு இங்கும் காணப்படுகின்றது. பாண் கூடத்துச் சவர்க்காரத்துக்கு ஒதுக்கிய பக்கங்களில் இரண்டையேனும் இதற்கு ஒதுக்கியிருப்பாராயின் நம்மனோர் அவருக்குக் கூடிய கடப்பாடு உடையவராவோம். நூலைப் படிக்க எண்ணும் மாணவர் முதற் கட்டுரையிலிருந்து தொடங்காது நான்காவதிலிருந்து தொடங்குவார்களாக. பட்டியலைப் பின்னர் பென்சிலோடு படிக்கலாம்.